கடைசியாகச் சாப்பிடுகிறவரின் தட்டு

கேள்வி:

எனக்கு வயது 42. சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் வீட்டோடு நாலு விசைத்தறி போட்டிருக்கிறோம். சமையலையும் பார்த்துக்கொண்டு நான்தான் தார் (தறிக்கு வேண்டிய ஊடை நூல்) சுற்றுகிறேன். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து டீ குடிப்பேன். பையனையும் வீட்டுக்காரரையும் மாமியாரையும் சாப்பிட வைத்துவிட்டு, இருக்கிற இரண்டு தோசையை 11 மணிக்கு நின்றுகொண்டே சாப்பிடுவேன். மதியச் சாப்பாடு இரண்டரைக்கு. சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும், சில நாள் தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்தது). ராத்திரி சாப்பிடப் பத்து மணி, படுக்கப் பதினொன்றரை ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஐந்து டீ. எடை 66 கிலோ, உயரம் 152 செ.மீ. சென்ற மாதம் ரத்தம் சோதித்ததில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1, ஹீமோகுளோபின் 9.8. செல்போனில் பார்த்து ஓட்ஸ், சியா விதை, கினோவா எல்லாம் வாங்கினேன். மூன்று வாரத்தில் விட்டுவிட்டேன். ஒரு கல்யாணத்தில் ஜாங்கிரி சாப்பிட்ட அன்றோடு எல்லாம் போச்சு. சாயங்காலம் ஆனால் காரணமில்லாமல் எரிச்சல், அழுகை வருகிறது. "எப்பவும் நல்லதையே நினை" என்கிறார் வீட்டுக்காரர். முயற்சி செய்கிறேன், முடியவில்லை. என்ன சாப்பிட்டால் உடம்பும் மனசும் தெளியும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி சர்க்கரை அளவு அல்ல. "இருக்கிற இரண்டு தோசையை 11 மணிக்கு நின்றுகொண்டே" என்ற வரிதான். நாலு பேருக்குச் சமைக்கிற நீங்கள் நாலாவதாக, மிச்சத்தைச் சாப்பிடுகிறீர்கள். சர்க்கரை ஏறியதற்கும், ரத்தம் குறைந்ததற்கும், சாயங்காலம் மனசு உடைவதற்கும் இந்தப் பழக்கத்தில் பெரிய பங்கு இருக்கிறது. அதனால் எந்த உணவு என்பதைவிட எப்போது, எவ்வளவு, யாருக்குப் பிறகு என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் மருத்துவ விஷயம், ஏனென்றால் அதைச் சாப்பாட்டால் மட்டும் சரிசெய்ய முடியாது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. 9.8 என்றால் நடுத்தர அளவு ரத்தசோகை. உடல் அசதி, படியேறினால் மூச்சு வாங்குவது, கவனம் நிற்காமல் போவது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல், இவையெல்லாம் ரத்தசோகையின் அடையாளங்களிலேயே வருகின்றன. இந்த நிலையில் இருக்கும் ஒருவரிடம் "நல்லதையே நினை" என்று சொன்னால் அவர் எங்கிருந்து நினைப்பார்? கீரையும் பேரீச்சையும் மட்டும் சாப்பிட்டு 9.8-ஐ 12-க்குக் கொண்டுவர நினைத்தால் மாதங்கள் ஓடிவிடும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உங்கள் மருத்துவரிடமோ காட்டி இரும்புச்சத்து மாத்திரை தொடங்குங்கள். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ஆகிய மூன்றையும் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். தைராய்டு குறைவும் பி12 குறைவும்கூட இதே அசதியையும் மனச்சோர்வையும் கொண்டுவரும்.

மாதவிலக்கைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஏழு நாளைத் தாண்டிப் போகிறதா, கட்டிகட்டியாக வருகிறதா, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? இதில் எது இருந்தாலும் கூச்சப்படாமல் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். 40 வயதுக்கு மேல் கர்ப்பப்பைக் கட்டி இருந்து ரத்தம் போய்க்கொண்டே இருந்தால், எத்தனை மாத்திரை போட்டாலும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான்.

மாத்திரை போட்டும் ரத்தம் ஏறாதவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் தெரியவரும். ஒன்று, மாத்திரையோடு டீ. டீயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் குடலிலேயே பிடித்து நிறுத்திவிடும். பாலும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். இவற்றுக்கும் இரும்பு மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போடுவது நல்லது. இரண்டாவது, பாதியில் நிறுத்துவது. மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு மலச்சிக்கல் வரும், வயிறு புரட்டும். கறுப்பு நிறம் பயப்பட வேண்டியதல்ல. புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமா, ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாக விட்டுவிடாதீர்கள். ஹீமோகுளோபின் 12 தொட்டதும் நிறுத்துவதும் தவறு. உடம்பின் சேமிப்பு நிறைய அதன் பிறகும் மூன்று மாதம் வரை தேவைப்படும்.

சர்க்கரை விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகை இருக்கும்போது ஹெச்பிஏ1சி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். ஆகவே 6.1 என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு கலங்க வேண்டாம். ஆனால் வெறும் வயிற்று அளவு 112 இருக்கிறதே, அது 100 முதல் 125 வரையிலான, நீரிழிவுக்கு முந்தைய நிலைக்குள்தான் வருகிறது. கவனிக்க வேண்டிய நேரம் இது, திருப்ப முடிகிற நேரமும் இதுவே. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இந்த முந்தைய நிலையில் இருந்தவர்களைச் சுமார் இரண்டரை ஆண்டு பின்தொடர்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்ட குழுவில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. சோறும் இட்லியும் சாப்பிடுகிற நம் ஆட்களிடம் கிடைத்த முடிவு என்பதால் இதைச் சொல்கிறேன்.

இப்போது தட்டுக்கு வருவோம்.

ஓட்ஸ், சியா, கினோவா நின்றுபோனதற்கு உங்கள் மனஉறுதியைக் குறை சொல்லாதீர்கள். வீட்டுக்கு ஒரு சமையல், உங்களுக்குத் தனியாக ஒரு சமையல் என்றால், தார் சுற்றிக்கொண்டே இரண்டு உலை வைக்க யாராலும் நெடுநாள் முடியாது. வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற அதே சோறு, அதே குழம்பு, அதே பொரியல் போதும். மாற வேண்டியது அளவும் விகிதமும் நேரமும்.

நம் வீடுகளில் நாலு பேருக்குக் கால் கிலோ பீன்ஸ் பொரியல் என்பது சாதாரணமாக நடப்பது. கணக்குப் பார்த்தால் தலைக்கு 62 கிராம்தான் வரும். பையனுக்கு இன்னொரு கரண்டி வைத்து, மாமியார் கேட்டதைப் போட்டு முடித்தால், கடைசியில் உட்காருகிற உங்களுக்கு மிஞ்சுவது சோறும் குழம்பும்தான். ஒரு நாளைக்கு ஒருவருக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி வேண்டும் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. உருளைக்கிழங்கும் மரவள்ளிக் கிழங்கும் இந்தக் கணக்கில் சேராது, அவை சோற்றுக் கணக்கில் போய்விடும். உடனே 400-க்குத் தாவ வேண்டாம். மதியப் பொரியலுக்கு நறுக்குகிற காயைக் கால் கிலோவிலிருந்து 600 கிராம் ஆக்குங்கள். பீன்ஸ், கேரட் விலை கட்டுப்படியாகாத வாரத்தில் சுரை, புடலை, பீர்க்கன், அவரை, முட்டைக்கோஸ் போதும். தாதகாப்பட்டி உழவர் சந்தை உங்களுக்குத் தூரமில்லை. வாரத்துக்கு இரண்டு நடையில் காயும் கீரையும் முடித்துவிடலாம். கீரையை மட்டும் வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிடுங்கள்.

அடுத்ததாக நான் சொல்வதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமானது. பொரியலை இறக்கியதும், பரிமாறத் தொடங்குவதற்கு முன், உங்கள் பங்கை ஒரு டிபன் பாக்ஸில் எடுத்து மூடி வையுங்கள். ஒரு டம்ளர் அளவு பொரியல், ஒரு டம்ளர் பருப்பு கடைசல் அல்லது பயறு. வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் டப்பா கட்டுகிற கைக்கு இது மூன்றாவது டப்பா, அவ்வளவுதான். மாமியார் முகம் சுளிப்பாரோ என்று தயங்குவீர்கள். "ரத்தம் கம்மியா இருக்குன்னு டாக்டர் எடுத்து வைக்கச் சொன்னார் அத்தை" என்று உண்மையைச் சொல்லுங்கள். நோய்க்காக எடுத்து வைப்பதை நம் வீடுகளில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. அவர் தட்டிலும் அதே கடைசல் கூடுதலாக ஒரு கரண்டி விழுந்தால் அவருக்கும் நல்லதுதான்.

உங்கள் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 55 கிராம் புரதம் வேண்டும். தோசை, சோறு, டீ, பிஸ்கட் என்று ஓடுகிற நாளில் அதில் பாதி வந்தாலே அதிகம். நாமக்கல் முட்டை வீட்டு வாசலுக்கே வருகிற ஊரில் இருக்கிறோம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலையில் 7 கிராம். ஒரு டம்ளர் தயிரில் 6 கிராம். 60 கிராம் பயறை வேகவைத்தால் சுமார் 14 கிராம். இரண்டு முட்டையும் இவையும் சேர்ந்தால் 39. மீதி அரிசியிலிருந்தும் ராகியிலிருந்தும் வந்துவிடும். முட்டை சாப்பிடாத நாளில் பயறை இரண்டு வேளையாக்குங்கள். வார விடுமுறையில் மேட்டூர் அணை மீன் கிடைத்தால் குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம்.

கொள்ளுப் பயறைப் பற்றி ஒன்று. உடம்பு இளைக்கும் என்று கொள்ளு ரசம் வைத்துத் தெளிவை மட்டும் குடித்துவிட்டுப் பருப்பை மாட்டுக்குப் போடுகிறவர்கள் உண்டு. கொள்ளின் புரதமும் நாரும் பருப்பில்தான் இருக்கின்றன, தண்ணீரில் வருவது மிகக் கொஞ்சம். எட்டு மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் ஆறேழு விசில் விடுங்கள். வடித்த தண்ணீரை ரசமாக்குங்கள், பருப்பைச் சின்ன வெங்காயம், சீரகம், வரமிளகாய், பூண்டு தாளித்துக் கடைந்துவிடுங்கள். ஒரே உலையில் இரண்டு பதார்த்தம். வயிறு உப்பினால் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள், ஆரம்பத்தில் இரண்டு கரண்டியோடு நிறுத்துங்கள்.

மதியம் எவ்வளவு சோறு? வீட்டில் இருக்கும் 200 மில்லி எவர்சில்வர் டம்ளரால் அளங்கள். தலைதட்டி ஒரு டம்ளர் வெந்த சோறு, ஏறத்தாழ 150 கிராம், 40 முதல் 45 கிராம் வரை மாவுச்சத்து. காலையில் ஒழுங்காகச் சாப்பிடாதவர் இரண்டரை மணிக்கு உட்கார்ந்தால் மூன்று டம்ளர் உள்ளே போவது தெரியவே தெரியாது. குறைக்கத் தொடங்கும் முதல் இரண்டு வாரம் இரண்டு டம்ளர், அதன்பின் ஒன்றரை. ஒரேயடியாகக் குறைத்தால் சாயங்காலம் பசி வந்து பிஸ்கட் பாக்கெட்டைக் காலிசெய்துவிடும். சாப்பிடும் வரிசையும் பயன் தரும். பாதிப் பொரியலையும் கொஞ்சம் கடைசலையும் முதலில் வெறுமனே சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றைப் பிசையுங்கள். நாரும் புரதமும் முன்னால் போனால் சர்க்கரை மெதுவாக ஏறும். இதற்குச் செலவும் இல்லை, தனிச் சமையலும் இல்லை.

காலை உணவு எட்டு, எட்டேகாலுக்குள் முடிய வேண்டும், உட்கார்ந்து. தறி ஓடுகிறது, தார் தீர்ந்துவிடும் என்பீர்கள். முந்தின நாள் சாயங்காலமே காலைக்கு வேண்டிய தாரைச் சுற்றி வைத்துவிட்டால் இந்தப் பத்து நிமிடம் கிடைக்கும். இரண்டு தோசையோடு ஒரு முட்டை, கடலைச் சட்னி. அல்லது மூன்று இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார். ராகிக் கூழ் பிடிக்கும் என்றால் தாராளமாக. நாலு டேபிள்ஸ்பூன் மாவு, இரண்டு ஸ்பூன் நொய், மோர், சின்ன வெங்காயம், கூடவே அரை டம்ளர் சுண்டல். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, 40 வயதுப் பெண்ணுக்கு அது தேவை. ஆனால் சிறுதானியம் என்றால் அளவே வேண்டாம் என்று சொம்பு சொம்பாகக் குடிப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்காது. ராகி, கம்பு, சாமை எல்லாவற்றிலும் எடையில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். சேர்வராயன் மலை ஊர்களில் ராகிக் களியும் சாமைச் சோறும் பிரதான உணவாக இருந்தபோது அவர்கள் மலையேறி இறங்கினார்கள். நாம் நாற்காலியில் உட்கார்ந்து தார் சுற்றுகிறோம்.

ஜவ்வரிசி நம் ஊர்ச் சரக்கு என்பதால் ஒரு வார்த்தை. விரதத்துக்கும் காய்ச்சலுக்கும் நல்லது, எளிதில் செரிக்கும். ஆனால் அது ஏறக்குறைய முழு மாவுச்சத்து, புரதம் 100 கிராமில் ஒரு கிராம்கூட இல்லை. எடை குறைய ஜவ்வரிசி உப்புமா சாப்பிடுவதில் அர்த்தமில்லை. ஆசைக்குச் செய்தால் வேர்க்கடலையும் காயும் பாதிக்குப் பாதி சேருங்கள்.

ஐந்து டீயை எடுத்துக்கொள்வோம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பத்து ஸ்பூன், 45 முதல் 50 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். பழகிய உடம்புக்குத் தலைவலியும் எரிச்சலும் வரும், பழியை உணவு முறை மேல் போடுவீர்கள். வாரத்துக்கு அரை ஸ்பூன் சர்க்கரை குறையட்டும், நாக்குக்குத் தெரியாது. டீயின் எண்ணிக்கை ஐந்திலிருந்து மூன்றாகட்டும்: காலை 6 மணி, பத்தரை, சாயங்காலம் ஐந்தேகால். இந்த நேரங்களைச் சும்மா சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ இல்லாமல் இருந்தால்தான் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடம்பில் ஒட்டும். நாட்டுச்சர்க்கரைக்கு மாறினால் போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது. ரத்தத்தில் அதுவும் சர்க்கரைதான்.

உங்கள் அழுகை வருகிற அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். காலை 11 மணி தோசை, இரண்டரைக்கு மலைபோலச் சோறு, நாலரைக்கு இனிப்பு டீயும் பிஸ்கட்டும். சர்க்கரை வேகமாக ஏறி வேகமாக இறங்குகிறது. இறங்கும் நேரத்தில் கை நடுங்கும், கோபம் வரும், எதற்கும் பொறுமை இருக்காது. இதன்மேல் ரத்தசோகையும், ஐந்தரை மணி நேரத் தூக்கமும், காலையிலிருந்து காதில் அடிக்கிற தறிச் சத்தமும். அந்த நேரத்தில் வருகிற "என் வாழ்க்கையே இப்படித்தான்" என்ற எண்ணத்தை உங்கள் வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாலு மணிக்கு, எண்ணம் வருவதற்கு முன்பே, அரை டம்ளர் சுண்டல் அல்லது ஒரு கைப்பிடி வறுத்த கடலையோடு ஒரு கொய்யா சாப்பிடுங்கள். முளைகட்டிய பச்சைப்பயறும் நல்லது. எட்டு மணி நேரம் ஊறல், துணியில் பன்னிரண்டு மணி நேரம், பிறகு ஐந்து நிமிடம் ஆவி. சித்திரை, வைகாசிச் சேலம் வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் தாங்காது, பிசுபிசுத்து வாடை வரும். அந்த மாதங்களில் எட்டு மணி நேரத்தோடு நிறுத்துங்கள், நடுவில் ஒருமுறை அலசுங்கள், வாடை வந்ததைச் சாப்பிட வேண்டாம்.

தட்டுவடை செட்டை நிறுத்தச் சொல்ல மாட்டேன். வாரத்தில் ஒரு நாள், வீட்டுக்காரரோடு நடந்து போய், நின்று, பேசி, ஒரு செட். பீட்ரூட், கேரட் துருவலைக் கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள். சுண்டல் சாப்பிட்ட பிறகு போனால் ஒன்றோடு நிற்கும், பசித்த வயிற்றோடு போனால் மூன்றாகும். மாம்பழ மாதத்தில் மல்கோவாவையோ சேலம் குண்டுவையோ பார்த்துக்கொண்டு ஏங்கவும் வேண்டாம். இரண்டு துண்டம், சுமார் 100 கிராம், முற்பகல் பத்தரை வாக்கில், டீக்குப் பதிலாக. மதியச் சோற்றுக்கு மேலும் வேண்டாம், ஜூஸாகவும் வேண்டாம். ஏற்காட்டுப் பாதையில் விற்கிற பட்டர் ஃப்ரூட்டில் (அவகாடோ) நல்ல கொழுப்பு இருக்கிறது. சர்க்கரையும் பாலும் போட்டு அடிக்காமல், உப்பு, மிளகு, எலுமிச்சையோடு கால் பழம் போதும்.

எண்ணெய் செக்கில் ஆட்டியதாக இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரிதான். தலைக்கு மாதம் முக்கால் லிட்டருக்குள் நிறுத்துங்கள். உப்பு, ஊறுகாயிலும் அப்பளத்திலும் உள்ளதையும் சேர்த்து, ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன்.

இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு. இரண்டு இட்லி அல்லது ஒரு டம்ளர் சோறு, மதியக் கடைசலில் எடுத்து வைத்த மிச்சம், ஒரு காய். பிறகு தெருமுனை வரை போய் வருகிற பதினைந்து நிமிட நடை. சாப்பிட்ட பிறகு நடந்தால் தசைகள் ரத்தத்துச் சர்க்கரையை நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. காலை நடைக்கு நேரமில்லாத உங்களுக்கு இது பொருந்தும். செல்போனைப் பத்து மணிக்கு வேறு அறையில் சார்ஜில் போட்டுவிடுங்கள். ஐந்தரை மணி நேரத் தூக்கம் ஏழாக வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், இனிப்பின் மேலும் எண்ணெய்ப் பண்டத்தின் மேலும் மனம் ஓடும். மதியம் முடிந்தால் இருபது நிமிடம் படுங்கள், தறிச் சத்தம் கேட்காத அறையில்.

இனி மனசு. தினமும் காலையில் வருகிற நல்வாக்கியப் படங்களைப் பார்த்து உங்களால் அப்படி நினைக்க முடியவில்லையே என்று வருந்துகிறீர்கள். எரிச்சலின் மேல் நல்லெண்ணத்தைப் பூசினால் உள்ளே எரிச்சல் அப்படியே இருக்கும், கூடவே "நல்லதாக நினைக்கக்கூடத் தெரியவில்லை" என்ற குற்ற உணர்வும் சேரும். "மனசு சரியில்லேன்னா ஒரு நடை ஏற்காடு போயிட்டு வா" என்பார்கள். போய் வாருங்கள், நல்லதுதான். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தால் திங்கட்கிழமை நாலு மணி அங்கேயே காத்திருக்கும். அந்த நாலு மணிக்குத்தான் வழி வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. உங்கள் கல்யாண விருந்தையே எழுதிப் பாருங்கள். நடந்தது: ஒரு ஜாங்கிரி சாப்பிட்டேன். சொல்லிக்கொண்டது: எல்லாம் போச்சு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வலப்பக்கம் எவ்வளவு பெரியது என்று தெரியும். ஒரு வாரத்தில் 21 வேளைச் சாப்பாடு. அதில் ஒரு வேளை பிசகினால் 20 மீதி இருக்கிறது. அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி: அடுத்த வேளை என்ன செய்வேன். "ராத்திரி இரண்டு இட்லி, நடை" என்று மட்டும். ஜாங்கிரிக்குத் தண்டனையாக இரவில் பட்டினி கிடக்காதீர்கள். மறுநாள் காலைப் பசி அதைவிடப் பெரிய பிசகில் கொண்டுபோய் விடும். மூன்று வாரத்தில் உங்களை விட வைத்தது ஜாங்கிரி அல்ல, அந்த "எல்லாம் போச்சு".

படுக்கும் முன் அன்று நன்றாக நடந்த ஒன்றை எழுதுங்கள், அது ஏன் நடந்தது என்பதையும் சேர்த்து. "எட்டு மணிக்கு உட்கார்ந்து சாப்பிட்டேன், நேற்றே தார் சுற்றி வைத்திருந்ததால்." இந்த "ததால்" முக்கியம். தானாக நடந்ததல்ல, உங்கள் கை பட்டு நடந்தது என்று மனசு அங்கேதான் பார்க்கிறது. பெரிதாக எதுவும் தேட வேண்டாம். டீயில் சர்க்கரை அரை ஸ்பூன் குறைந்ததும் எழுதத் தக்கதே.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை, இதை அவரிடம் காட்டுங்கள். "நல்லதையே நினை" என்பதற்குப் பதிலாக "நாலு மணிக்குச் சாப்பிட்டியா?" என்று கேளுங்கள் ஐயா. இரவு ஒரு வேளையாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, பாத்திரங்களை நடுவில் வைத்து அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பரிமாற ஆள் வேண்டாம் என்றால் கடைசியாகச் சாப்பிட ஆளும் இருக்காது. காய் நறுக்குவதைப் பையன் எடுத்துக்கொள்ளலாம், 600 கிராமுக்கு இருபது நிமிடம் ஆகாது.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனசு இறங்கியே இருக்கிறது, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லை என்றால் அது சாப்பாட்டாலும் நோட்டாலும் மட்டும் தீருவதல்ல. மனநல மருத்துவரைப் பாருங்கள், ரத்தசோகைக்கு மாத்திரை போடுவது போலத்தான் அதுவும். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே வீட்டில் சொல்லுங்கள், 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதல் வாரம் மூன்று மட்டும்: மாத்திரை, டிபன் பாக்ஸ், நாலு மணிச் சுண்டல். இரண்டாம் வாரம் காலை எட்டு மணிச் சாப்பாடும் டீ நேரமும். சோற்றைக் குறைப்பதும் இரவு நடையும் மூன்றாம் வாரத்திலிருந்து. நான்கு வாரம் முடிந்ததும் ஹீமோகுளோபின் பாருங்கள், குறைந்தது ஒரு புள்ளி ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் ரத்தம் எங்கே போகிறது என்று மருத்துவர் தேட வேண்டும். மூன்று மாதத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி மூன்றும். எடை ஆறு மாதத்தில் மூன்று, மூன்றரைக் கிலோ குறைந்தால் போதும், அதற்குமேல் அவசரம் வேண்டாம். நான்கு வாரச் சோதனை முடிவையும், நோட்டில் ஒரு வாரப் பக்கங்களையும் அனுப்பிவையுங்கள். சோற்று அளவையும் பயறு அளவையும் அதைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.